அரை அங்குலம்

போனில் வந்தவர் முதலில் அகலத்தைத்தான் கேட்டார்.
எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.
மற்றவர்கள் ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு என்று
பரந்து கிடந்த நாளில்
ரூஷ் கார் மட்டும் ஏன் ஐம்பது அங்குலத்தில்
ஒடுங்கி நின்றது?
காற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

டெல்மார் ரூஷும் நானும் பிடித்தது
மெட்ஃபோர்டுக்கு வடக்கே ஒரு மிங்க் கொட்டகை.
கீரி மாதிரி இருக்கும், ரோமத்துக்காக வளர்ப்பார்கள்.
விலங்குகள் போய் இரண்டு வருஷம்,
வாடை போகவில்லை.
மழை பெய்தால் பலகைச் சுவர் வியர்த்து நாறும்.
வாடகை மாதம் ஒன்பது டாலர்.
நாறாத கொட்டகை இருபது.

பகலில் அவர் பால் பண்ணைகளுக்கு
எஃகுத் தொட்டி பற்றவைத்தார்.
நான் படகுக் கம்பெனியில்
கண்ணாடி இழையும் பிசினும் பூசினேன்.
ராத்திரி அந்தத் தீயும் இந்தப் பசையும்
ஒரே கூரைக்குக் கீழ் வந்தன.
எங்கள் நிறுவன வரலாறு இவ்வளவுதான்.

என்ஜின், காயலான் கடையில் கிடந்த குராஸ்லி.
முன் அச்சு, யாரோ மரத்தில் மோதிய ஃபியட்.
ஸ்டியரிங் மட்டும் புதுசு,
அதுவும் கடன்.

முதல் சட்டத்தில் நூற்றொன்று என்று எண் குத்தினார்.
முன்னால் இருக்கிற நூறு எங்கே என்றேன்.
"விற்றுப்போச்சு" என்றார், வாய் கூசாமல்.

ஐம்பத்தேழு ஆகஸ்ட்.
விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டு அடுக்கிய பந்தயம்.
ராக்ஃபோர்டு பல் வைத்தியர் வெண்டல் ப்ரோஹாஸ்கா
எங்கள் காரை ஓட்டினார்.
ஆறு மடங்கு விலையுள்ள இத்தாலிக்காரியை
கடைசி வளைவில், உள்பக்கமாக,
வேறு எதுவும் நுழைய முடியாத சந்தில் நுழைந்து தாண்டினார்.
மறுமாதம் ஒரு பத்திரிகை எழுதியது:
"துணிச்சலான ஒடுக்கம்."

அடுத்த பருவத்தில்
இல்லினாயில் இருவர், மிச்சிகனில் ஒருவர்
கார்களை ஒடுக்கினார்கள்.
மிச்சிகன்காரர் பலகையில் சூத்திரம் எழுதி
ஐம்பதுதான் சரி என்று
எனக்கே நிரூபித்தார்.
நன்றாயிருந்தது. தலையாட்டினேன்.

வாசல் ஐம்பத்தொரு அங்குலம், ஐயா.
மிங்க் கூண்டு வண்டி போய்வர விட்ட வழி.
இரு பக்கமும் அரை அங்குலம் மிச்சம்.

ஏன் வெட்டிப் பெரிதாக்கவில்லை என்கிறீர்களா?
உரிமையாளர் திருமதி லிண்ட்க்விஸ்ட்
ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்:
ஆணி அடிக்கக் கூடாது,
இருக்கும் ஆணியைப் பிடுங்கவும் கூடாது.

நூற்றிரண்டை வாங்கிய வாசா ஊர் வெட்டியான்
பாதி ரொக்கமும்
பாதிக்கு உறைபெட்டி நிறைய வான்கோழியும் தந்தார்.
ஈஸ்டர் வரை வான்கோழி.
நூற்றுமூன்று கவிழ்ந்தது.
ஓட்டியவன் தோள்பட்டை ஒடிந்து
சிரித்துக்கொண்டே ஊர்ந்து வந்தான்.
டெல்மார்தான் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.
எந்தப் பற்று விட்டது என்று
விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.
ஒன்றும் விடவில்லை.
ஆனாலும் நூற்றுநான்கு
தகடோடு நின்றது.

போனில் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு மெதுவாக,
"இடப்பக்கம் ஒரு கோடு ஓடுகிறதே,
முன் சக்கரத்திலிருந்து வால் வரை?
நூற்றொன்றிலும் நூற்றிரண்டிலும்
ஒரே உயரம், ஒரே சாய்வு.
புதுப்பித்தபோது
அளவெடுத்து அப்படியே வரைந்திருக்கிறோம்.
உங்கள் சின்னமா அது?"

விடிகாலை நாலு மணி.
பக்கத்தில் நிற்க இடமில்லாததால்
அவர் பின்னாலிருந்து தள்ள,
ஒல்லியான நான் உள்ளே உட்கார்ந்து
சக்கரத்தை நேராகப் பிடித்திருக்க,
ஒவ்வொரு தடவையும் அந்தக் கீறல் சத்தம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

ஆணி, என்றேன்.
எங்களுடையது இல்லை.